பரணில் கிடக்கும் கணினிகளுக்கு ஒரு புதிய வட்டு

திண்டுக்கல்லிலிருந்து கரூருக்குச் செல்லும் ரயில் பாதையில், வேடசந்தூர் வட்டத்தில் அமைந்துள்ள எரியோடு பேரூராட்சியிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் விவசாயத்தையும் நூற்பாலை வேலையையும் நம்பி வாழும் பல குடும்பங்களுக்குள் முதன்முதலாகக் கணினி வந்தது, பிளஸ் டூ படித்த பிள்ளைக்குப் பள்ளியில் கொடுக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினியாகத்தான். 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைத்த அந்தத் திட்டத்தின்கீழ், முதல் கட்டத்துக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினிகளை வாங்கும் பொறுப்பு தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில், கொரோனா காலத்தில் வழங்கல் நின்றுபோகும்வரை, அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களின் கைகளுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் சென்று சேர்ந்தன. இத்தனை பெரிய எண்ணிக்கையில் ஒரு மாநிலம் தன் மாணவர்களுக்குக் கணினியைச் சொந்தமாகவே கொடுத்துவிட்ட நிகழ்வு உலகில் அரிது.

அந்தக் கருவிகளில் எத்தனையோ இன்று பரணிலும் பீரோவின் அடித்தட்டிலும் கிடக்கின்றன. காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: ‘ஸ்லோவாகிவிட்டது, ஹேங் ஆகிறது.’ சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் ஃபார்மட் அடித்து, புதிதாக ஓஎஸ் போட்டுத் தருகிறார்கள். சில மாதங்கள் ஓடிய பின் கருவி பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு ஃபார்மட்டிலும் வீட்டாரின் படங்களும், மாணவரின் புராஜெக்ட் அறிக்கையும், வருடிச் சேமித்த சான்றிதழ்களும் அழிந்துபோகின்றன. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ குடும்பம் அலுத்துப்போய் அதை மூட்டை கட்டி வைத்துவிடுகிறது. ஆனால் இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றின் செயலி, அதாவது கணக்கீடுகளைச் செய்யும் மையச் சில்லு, இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. முதுமை எய்தியிருப்பது உள்ளே தகவலைச் சேமித்து வைக்கும் வன்வட்டு, சர்வீஸ் கடையில் எல்லோரும் ஹார்ட் டிஸ்க் என்று அழைக்கும் பாகம். அதை மட்டும் மாற்றினால், அக்காவுக்குக் கிடைத்த கணினியில் தம்பி கல்லூரிப் படிப்பை முடிக்க முடியும்.

சுழலும் தட்டின் எல்லை

வன்வட்டு என்பது அடிப்படையில் ஓர் இயந்திரம். காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டு ஒன்று இடைவிடாமல் சுழல, அதன்மேல் சில நானோ மீட்டர் உயரத்தில் மிதக்கும் சிறு முனை ஒன்று, கை போன்ற கம்பியின் துணையால் உள்ளும் புறமும் நகர்ந்து, தட்டில் பதிந்திருக்கும் காந்தக் குறிகளைப் படிக்கிறது. 1956இல் ஐபிஎம் நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் வன்வட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தும், அவை அனைத்தும் சேர்ந்து சுமார் 5 மெகாபைட் மட்டுமே கொண்டன; இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுக்கே அது போதும் போதாததாக இருக்கும். அடுத்த அரை நூற்றாண்டில் கொள்ளளவு லட்சம் மடங்குக்கும் மேல் பெருகியது. தட்டு சுழன்று, முனை நகர்ந்துதான் தகவலை எடுக்க வேண்டும் என்ற விதி மட்டும் மாறவில்லை.

இந்த விதியின் விளைவை எளிய கணக்கொன்றால் அறியலாம். மடிக்கணினிகளில் பொருத்தப்படும் 2.5 அங்குல வன்வட்டு பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி விநாடி ஆவதால், தேவைப்படும் இடம் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். முனை சரியான தடத்துக்கு நகர்ந்து செல்ல மேலும் சுமார் 12 மில்லி விநாடி ஆகும். இரண்டையும் கூட்டினால், தட்டின் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைக் கேட்கும்போது, ஒரு விநாடிக்கு 60 கோரிக்கைகளைக்கூட அந்த வட்டால் முழுமையாக நிறைவேற்ற முடியாது.

ஒரு பெரிய திரைப்படக் கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது இந்தக் குறை தெரிவதில்லை. விநாடிக்கு 100 மெகாபைட் அளவுக்கு அது தாராளமாகவே தருகிறது. கணினியைத் தொடங்கும்போதுதான் சிக்கல் வெளிப்படுகிறது, ஏனெனில் இயங்குதளம் (கணினியின் எல்லாப் பணிகளையும் நடத்தும் அடிப்படை மென்பொருள்) ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்குமிங்கும் தேடி எடுத்தாக வேண்டும். போதாக்குறைக்கு, விண்டோஸ் 10 போன்ற இயங்குதளங்கள் பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்கிக்கொண்டும், வைரஸ் சோதித்துக்கொண்டும், கோப்புகளுக்கு அட்டவணை தயாரித்துக்கொண்டும் இருக்கின்றன. ஒரே ஒரு ஊழியர் எடை போட்டுத் தரும் ரேஷன் கடையில் ஊர் முழுதும் வரிசையில் நிற்பதைப் போல, இந்தக் கோரிக்கைகள் அனைத்தும் அந்த ஒரே முனைக்காகக் காத்துக் கிடக்க, செயலி வேலையின்றி இருக்கிறது. டாஸ்க் மேனேஜர் திரையில் வட்டின் பயன்பாடு 100 விழுக்காட்டிலேயே நிலைத்து நிற்பதும், அதே நேரத்தில் செயலியின் பயன்பாடு பத்தோ இருபதோ விழுக்காட்டில் இருப்பதும் இந்த நிலையின் ஐயத்துக்கிடமற்ற அடையாளம். பழைய மடிக்கணினியை எறிவதா வைப்பதா என்று முடிவெடுக்கும் முன் இந்த ஒரு திரையைப் பார்த்துவிடுவது நல்லது.

சுழலும் வட்டுக்கு மாற்றாக வந்தது திட நிலை வட்டு, வழக்கில் எஸ்எஸ்டி. இதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. மின்சாரம் நின்ற பிறகும் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கோடிக்கணக்கான நுண்ணறைகள் கொண்ட சில்லுகளில் தகவல் பதியப்படுகிறது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோகா 1980களில் கண்டறிந்து, 1987இல் வெளியிட்ட நாண்ட் ஃபிளாஷ் என்ற அமைப்புதான் இன்றைய பென் டிரைவ், கைப்பேசி, எஸ்எஸ்டி ஆகிய மூன்றுக்கும் அடித்தளம். எந்த அறையில் உள்ள தகவலையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், சுமார் 0.1 மில்லி விநாடியில் எடுத்துவிட முடிவதால், வன்வட்டு அறுபதைத் தொடத் திணறும் இடத்தில் எளிய எஸ்எஸ்டி ஒன்று பல்லாயிரம் கோரிக்கைகளை நிறைவேற்றுகிறது. பயன்பாட்டுக்கு வரவே இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்ட மடிக்கணினி, வட்டு மாற்றிய பின் அரை நிமிடத்துக்குள் தயாராவது இதனால்தான். கணினியின் வேறெந்தப் பாகத்தை மாற்றினாலும் இந்த அளவு வேறுபாட்டைப் பார்க்க இயலாது.

எது பொருந்தும்

அரசு வழங்கிய மடிக்கணினிகளில் தொடக்க காலத்தவை 2 ஜிபி நினைவகமும் (ரேம்) 320 ஜிபி வன்வட்டும் கொண்டிருந்தன. பிற்காலத்தில் இவை 4 ஜிபியாகவும் 500 ஜிபியாகவும் உயர்ந்தன. வன்வட்டு பிரதான பலகையுடன் சாட்டா எனப்படும் இணைப்பு முறையால் பிணைக்கப்பட்டுள்ளது. புதிய எஸ்எஸ்டிகளில் 2.5 அங்குல அளவில், அதே சாட்டா இணைப்புடன் வருபவை இன்றும் கிடைப்பதால், பழைய வன்வட்டைக் கழற்றிய அதே இடத்தில் அதே முனைகளில் இவற்றைப் பொருத்திவிடலாம். பழைய பலகை விநாடிக்கு 300 மெகாபைட் வேகம் மட்டுமே தாங்கும் இரண்டாம் தலைமுறை சாட்டாவாக இருந்தாலும் கவலையில்லை. மூன்றாம் தலைமுறை எஸ்எஸ்டி தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதனுடன் இயங்கும், அன்றாட வேலையில் அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது.

கவனிக்க வேண்டியவை வேறு. முதலாவது தடிமன்: பழைய வன்வட்டுகள் பல 9.5 மில்லி மீட்டர், எஸ்எஸ்டி 7 மில்லி மீட்டர். வட்டைத் தாங்கும் உலோகத் தட்டில் திருகி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும், இல்லையெனில் பிளாஸ்டிக் சட்டம் ஒன்றை ஒட்டி ஆட்டத்தைப் போக்க வேண்டும். இரண்டாவது, எம்.2 என்ற பெயரில் விற்கப்படும் பட்டை வடிவ எஸ்எஸ்டி. அதற்கான செருகிடம் பழைய கருவிகள் பெரும்பாலானவற்றில் கிடையாது, இருக்கும் கருவிகளிலும் அது சாட்டா வகையை ஏற்குமா, என்விஎம்இ எனும் அதிவேக வகையை ஏற்குமா என்பதைச் சரிபார்த்தே வாங்க வேண்டும், ஏனெனில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது இயங்காது. மூன்றாவது, பயாஸ், அதாவது இயங்குதளம் எழுவதற்கு முன் கணினியை எழுப்பும் அடிப்படை நிரல். அதில் வட்டின் இயங்குமுறை பழைய ஐடிஇ என்று இருந்தால் ஏஎச்சிஐ என்று மாற்றிவிட்டு, அதன் பின்னரே இயங்குதளத்தை நிறுவ வேண்டும்.

டிவிடி செலுத்தும் பெட்டி உள்ள கருவிகளுக்கு மற்றொரு வழியும் உண்டு. இன்று எவரும் தொடாத அந்தப் பெட்டியைக் கழற்றி, அதே அளவுள்ள ‘கேடி’ என்ற தட்டில் பழைய வன்வட்டைப் பொருத்திச் செருகினால், வேகத்துக்கு எஸ்எஸ்டியும் சேமிப்புக்கு வன்வட்டுமாக இரண்டும் ஒரே கருவியில் அமையும். பழைய வட்டு நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே இது தகும்.

திருகாணிக்கு முன் தகவல்

வட்டை மாற்றுவதில் மிகக் கடினமான பகுதி திருகாணிகளைக் கழற்றுவதுதான் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் அது கால் மணி நேர வேலை. கருவியை அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, மின்கலத்தைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றிய பின், அடிமூடியைத் திறந்து, வட்டை மேல்நோக்கிப் பிடுங்காமல் இணைப்பு முனையிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி எடுத்தால் போதும். எண்ணிப்பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய கட்டத்தைத்தான். பல ஆண்டுகள் பழைய வன்வட்டு எந்த நாளும் நின்றுபோகலாம், அதில் இருப்பதற்குப் பிரதி இல்லை.

வட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்ற ஓசை வருவது, கோப்பைத் திறக்கையில் கணினி உறைந்து நிற்பது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் எனும் பதிவேட்டை, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் படிக்கலாம். அதில் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகள், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகள் ஆகியவற்றின் எண்ணிக்கை பூச்சியத்துக்கு மேல் ஏறியிருந்தால், சரிபார்ப்பு நிரல்களை ஓட்டி வட்டை மேலும் வருத்தாமல், முக்கியக் கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். சர்வீஸ் கடையில் கருவியைக் கொடுக்கும்போது ‘ஃபார்மட் அடிக்கலாமா’ என்ற கேள்விக்குத் தலையாட்டும் முன் இது நடந்தாக வேண்டும். படித்தவர் வீட்டிலும் பொறுமையின்மையால் இந்த ஒரு படி தவறிப்போய், ஒரு குடும்பத்தின் பத்தாண்டுப் படங்கள் பறிபோவது மிகுந்த வருத்தத்துக்குரியது.

பழைய வட்டின் முழு உள்ளடக்கத்தையும் அப்படியே புதியதற்குப் படியெடுப்பது ஒரு முறை. குளோன்சில்லா என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். ஆனால் பல ஆண்டுக் குப்பையும் சேர்ந்தே இடம்பெயரும் என்பதாலும், 500 ஜிபி வட்டிலிருந்து 240 ஜிபி எஸ்எஸ்டிக்குப் படியெடுக்கப் பகுதிகளைச் சுருக்க வேண்டும் என்பதாலும், கோப்புகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே பழைய கருவிகளுக்கு ஏற்றது.

எந்த இயங்குதளம் என்ற கேள்வி இப்போது முன்னைவிட அவசரமானது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலியும் திட்டத்தின் முற்பகுதியில் தரப்பட்ட கருவிகளில் இல்லை. குறுக்கு வழிகளில் அதை நிறுவித் தருபவர்கள் உண்டெனினும், பாதுகாப்புப் புதுப்பிப்பு தொடர்ந்து வருமென்ற உறுதியில்லாத ஏற்பாட்டை ஒரு மாணவருக்குப் பரிந்துரைப்பது முறையன்று. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமே இங்கு நேர்மையான விடை. 2011இல் வந்த கருவிகளிலேயே விண்டோஸுடன், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. எவரும் அதைக் கற்றுக்கொடுக்காததால் அது திறக்கப்படாமலேயே கிடந்தது. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றில் இன்று தமிழில் தட்டச்சு செய்யவும், லிப்ரே ஆஃபிஸில் ஆவணம் தயாரிக்கவும், பைத்தான், சி மொழிகளில் நிரல் எழுதவும், உலாவியில் தேர்வு விண்ணப்பங்களை நிரப்பவும் எந்தத் தடையும் இல்லை. பக்கத்துக் கேரளம் தன் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே தகவல் தொழில்நுட்பம் கற்பித்து வருவது, இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசையல்ல என்பதற்குச் சான்று.

வட்டு மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2 ஜிபி நினைவகமுள்ள கருவியில் உலாவியில் நான்கு பக்கங்கள் திறந்தாலே இடம் போதாமல், இயங்குதளம் வட்டின் ஒரு பகுதியை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கும். இது வேகத்தைக் குறைப்பதுடன் எஸ்எஸ்டியையும் தேய்க்கும். எனவே டிடிஆர்3 வகை நினைவகப் பட்டை ஒன்றைப் பழைய பொருள் கடையில் வாங்கியாவது 4 ஜிபிக்குக் குறையாமல், இயன்றால் 8 ஜிபியாக உயர்த்த வேண்டும். மின்கலம் செத்திருந்தால் அது செத்ததுதான். திரையின் மங்கலும் மாறாது. காணொளித் தொகுப்போ கனமான விளையாட்டோ பழைய செயலியில் ஓடாது. வட்டுக்கும் நினைவகத்துக்கும் மேல் மூன்றாவதாக ஒரு பெரிய செலவு வரும் கருவியாக இருந்தால், அதைக் கைவிடுவதே அறிவுடைமை.

தேய்மானம், வெப்பம், போலி

எஸ்எஸ்டியின் நுண்ணறைகள் ஒவ்வொரு முறை எழுதப்படும்போதும் சிறிது தேய்கின்றன என்பது உண்மை. அதைக் கேள்விப்பட்டு அஞ்சுவோருக்கு ஒரு கணக்கு போதும். 240 ஜிபி கொண்ட எளிய எஸ்எஸ்டிக்கே 80 டெராபைட் வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர் உறுதியளிப்பதுண்டு. நாளொன்றுக்கு 20 ஜிபி வீதம், ஒரு மாணவர் எழுதும் அளவைக் காட்டிலும் தாராளமாகவே எழுதினாலும், அது 4,000 நாட்கள், ஏறத்தாழ 11 ஆண்டுகள். கருவி அதற்கு முன்பே ஓய்ந்துவிடும். வெப்பத்தைப் பொறுத்த எச்சரிக்கைதான் திண்டுக்கல் சமவெளிக்கு முக்கியம். நன்கு தேய்ந்த எஸ்எஸ்டி மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் என்ற பன்னாட்டுத் தர அமைப்பு வீட்டுப் பயன்பாட்டுக்கு வகுத்த அளவுகோல். வெப்பம் கூடக்கூட அந்தக் காலம் குறையும். ஓட்டு வீட்டுப் பரணில் கோடை முழுதும் வைத்துவிட்டு வருடங்கள் கழித்துத் திறக்கலாம் என்று எண்ணுபவருக்கு எஸ்எஸ்டி ஏற்ற பெட்டகம் அன்று. அன்றாடம் பயன்படுத்துபவருக்கு இந்தக் கவலை தேவையில்லை. அதோடு, பேருந்துக் குலுக்கலில் ஓடிக்கொண்டிருந்தாலும் முனை தட்டில் மோதிக் கீறும் ஆபத்து இதில் அறவே கிடையாது.

வாங்கும் இடத்தில் விழிப்பு வேண்டும். 2 டெராபைட் என்று அச்சிட்டு ஆயிரம் ரூபாய்க்குள் விற்கப்படும் எதுவும் போலி. உள்ளே சிறிய சில்லை வைத்து, பெரிய அளவைக் காட்டும்படி நிரலைத் திருத்தியிருப்பார்கள், உண்மைக் கொள்ளளவைத் தாண்டியதும் கோப்புகள் சத்தமின்றிச் சிதையும். புதிய வட்டை வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச நிரலால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதிப்பது, உத்தரவாத ரசீதைப் பத்திரப்படுத்துவது ஆகிய இரண்டும் வாங்குபவர் கையில் உள்ள காப்புகள். விலையும் இனி இறங்கிக்கொண்டே போகும் என்று நம்ப இடமில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் சந்தை இறுகி, 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் வீட்டுப் பயனர்களுக்கான தன் குரூஷியல் வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது.

கழற்றிய வன்வட்டு நல்ல நிலையில் இருந்தால், யூஎஸ்பி உறை ஒன்றில் இட்டு வெளிச் சேமிப்பாக வைத்துக்கொள்ளலாம். பழுதானதை அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போடக் கூடாது. விரைவு ஃபார்மட் கோப்புகளின் பட்டியலை மட்டுமே நீக்குகிறது, ஆதார் நகலும் வங்கிப் புத்தகமும் தட்டிலேயே இருக்கும். ஒரு முறை முழுமையாகப் பூச்சியங்களை எழுதி அழிக்க வேண்டும், எழுத முடியாத நிலையிலிருந்தால் தட்டில் துளையிட வேண்டும். அதன்பின் அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டும்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி வழங்குவதாக அறிவித்து, அதற்கான ஒப்பந்தப்புள்ளியில் 8 ஜிபி நினைவகத்தையும் 256 ஜிபி எஸ்எஸ்டியையும் கேட்டது. சுழலும் வட்டின் காலம் முடிந்ததை அரசே ஏற்றுக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். புதியவை வரும்போது பழையவற்றையும் மறக்காதிருப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. எந்தெந்த ஆண்டில் எந்த மாதிரிகள் வழங்கப்பட்டன, ஒவ்வொன்றும் ஏற்கும் வட்டின் அளவு என்ன, நினைவகத்தின் வகையும் உச்ச வரம்பும் என்ன என்ற விவரங்கள் எல்காட்டின் கொள்முதல் ஆவணங்களில் ஏற்கெனவே இருப்பவை. அவற்றைத் தமிழில் ஒரு சிறு கையேடாக அச்சிட்டு, மாவட்டங்களின் பாலிடெக்னிக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களைக் கொண்டு வட்டு மாற்றும் முகாம்களை நடத்தலாம். வட்டுக்கான விலையைக் குடும்பம் தரும். கோப்பைக் காப்பாற்றிக் கொடுத்து, லினக்ஸை நிறுவி, அதைப் பயன்படுத்தவும் ஒரு மணி நேரம் கற்றுக்கொடுக்கும் கைகள்தாம் எரியோடு போன்ற ஊர்களுக்குத் தேவை. உயர்கல்வித் துறையும் எல்காட்டும் இந்தக் கையேட்டை வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் வெளியிட வேண்டும்.